சிவப்புத் தட்டில் 431

செப்டம்பர் 28, சனி

காலாண்டு விடுமுறையின் முதல் நாள். ஊரில் உள்ள பதினோராம் வகுப்பெல்லாம் பத்து மணி வரை தூங்கியிருக்கும். நான் எட்டு மணிக்கு நூற்றிருபது கண்ணாடி ஸ்லைடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன்.

இந்த நோட்டை யாராவது திருட்டுத்தனமாகப் படித்தால் அவர்கள் வசதிக்காக: என் பெயர் பெனிலா. அம்மா குவைத்தில், அப்பா சரக்குக் கப்பலில் சமையல். என்னை வளர்ப்பது அமலி அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சுகாதார நிலையத்தில் மலேரியாப் பரிசோதனைக்கூடம் அவள் பொறுப்பு. ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி, சுற்ற மனமில்லாத ஒரு மின்விசிறி.

என்னை ஏன் அங்கே இழுத்துப் போகிறாள் என்றால், இரண்டு வருடத்துக்கு முன்பு நான் செய்த ஒரு சிறிய சமூகசேவை. எங்கள் வீட்டு அழைப்பு மணியையும் பக்கத்து வீட்டு ரோசிட்டா அத்தையின் மணியையும் மாற்றி வைத்தேன். அவர்கள் வாசலில் அழுத்தினால் எங்கள் வீட்டில் அடிக்கும். மூன்று நாள் தன்னைத் தேடி ஒருத்தரும் வரவில்லை என்று அத்தை அழுதே விட்டாள். "ஒன்னத் தனியா வுட்டா தெருவே மாறிரும்ட்டி" என்று அக்கா என்னைக் கையோடு கூட்டிப் போக ஆரம்பித்தாள்.

அதெல்லாம் நன்றாகத்தான் போனது. நாற்பது நாள் முன்பு வல்லி வரும் வரை.

முழுப்பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, பத்தொன்பது வயது, லேப் டெக்னீசியன் படிப்பு முடித்துவிட்டு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். தங்க இடமில்லையாம். அக்கா எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். கட்டிலில் அக்கா, அக்காவுக்குப் பக்கத்தில் வல்லி, கீழே பாயில் நான். வல்லினம் மிகும் இடங்களைப் பரீட்சைக்காகப் படித்தேன். எங்கள் வீட்டைப் பாடநூலில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மாதா கோயிலிலும் அவள் நடுவில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 30, திங்கள்

என் நீலப்பூ போட்ட தம்ளரில் வல்லி காப்பி குடித்தாள். அக்காவே ஊற்றிக் கொடுத்தாள். கேட்டால், "தம்ளர்ல பேரா எழுதியிருக்கு?" என்கிறாள். எழுதியிருக்கிறது. அடியில். ஆணியால் கீறி, நானே எழுதியது.

உயிரியல் புத்தகத்தில் ஒட்டுண்ணிக்கு விளக்கம் பார்த்தேன். பிற உயிரின் உடலில் தங்கி, அதன் உணவில் வாழ்வது. மலேரியாக் கிருமி ஒரு ஒட்டுண்ணி என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் இன்னொரு எடுத்துக்காட்டு நான் எழுதினேன். பென்சிலால்தான்.

இன்று மாதக் கடைசி. மாவட்ட ஆய்வகத்துக்குப் பெட்டி கட்டும் நாள். நோய் உண்டு என்று அக்கா சொன்ன ஸ்லைடு அத்தனையும், இல்லை என்று சொன்னதில் பத்துக்கு ஒன்றும் அங்கே போகும். அங்கே ஒருவர், அக்கா என்ன சொன்னாள் என்று தெரியாமலே திரும்பப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மூன்று வருடத்தில் அக்காவுக்கு ஒன்றுகூடப் பிசகியதில்லை. ஒப்பந்த வேலைக்காரியான அவளுக்கு இருக்கும் ஒரே நகை அதுதான்.

பெட்டி கட்டும்முன் அக்கா வல்லிக்கு ஒரு பரீட்சை வைத்தாள். பழைய ஸ்லைடு இருபது, விடை தெரியாமல். நுண்ணோக்கியில் ஒரு தடவைக்குத் தெரிவது ஒரு வட்டம்; ஒவ்வொரு ஸ்லைடிலும் அப்படி நூறு வட்டம் பார்க்க வேண்டும். வல்லி உதடு அசைய எண்ணிக்கொண்டே பார்த்தாள். இருபதும் சரி.

"ஏ தங்கச்சி! எனக்கே மொத மாசம் பதினாறுதான் வந்துச்சி" என்று அக்கா அவள் தலையைப் பிடித்து ஆட்டினாள்.

தங்கச்சி.

ஆய்வகத்துக்குள் நான் அவளை அக்கா என்று கூப்பிடக்கூடாது. "இங்க ஒறவுமொற கெடையாது, மேடம்னு சொல்லு" என்று முதல் நாளே சட்டம் போட்டவள். இரண்டு வருடமாக என் சொந்த அக்காவை நான் மேடம் என்கிறேன். நாற்பது நாளில் அவளுக்குத் தங்கச்சி வேறு கிடைத்துவிட்டது.

"மேடம், வாளித் தண்ணி மாத்தவா?" என்று கேட்டேன், மேடத்தில் நன்றாக அழுத்தி. கவனிக்கவே இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய், மத்தியானம்

இன்று பதினொரு பேர் காய்ச்சலோடு வந்தார்கள். விரலில் குத்துவது, ரத்தம் எடுத்துப் பூசுவது, எண் எழுதுவது மூன்றும் இப்போது வல்லி வேலை. ஸ்லைடின் ஓரத்தில் சொரசொரப்பாக ஒரு பட்டை உண்டு, அதில் பென்சிலால் எழுதுவார்கள். "எழுத்தப் பாரு, அச்சு மாதிரி" என்று அக்கா என்னிடமே சொல்கிறாள். என் கையெழுத்தைப் பார்த்து, கோழி நடந்த இடம் என்றவள்.

தங்கல் போகிற, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற படகுக்காரர்களுடைய ஸ்லைடுகள் சிவப்புத் தட்டில் காயும். மற்றவர்களுடையது வெள்ளைத் தட்டில். இது அக்கா கொண்டுவந்த முறை. படகுக்காரர்கள் வேறு வேறு துறைக்குப் போய்க் காய்ச்சல் வாங்கி வருகிறவர்கள். மறுபடி கடலுக்குள் போய்விட்டால் நான்கைந்து நாள் ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் சிவப்புத் தட்டை அக்கா முதலில் பார்ப்பாள். இரண்டு மணிக்குப் படகு கிளம்புவதற்குள் போன் போட்டுச் சொல்லிவிடுவாள்.

இன்று சிவப்பில் மூன்று, வெள்ளையில் எட்டு.

வெயில் அதிகம். காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று அக்கா என்னைப் பேருந்து நிலையத்துப் பக்கம் அனுப்பினாள். அது கிடைக்கிற பேட்டரிக் கடையில் ஆள் இல்லை. அரை மணி நேரம் நின்றேன். திரும்பி வரும்போது பன்னிரண்டரை. சிவப்புத் தட்டு பார்த்து முடிந்திருந்தது. மூன்றிலும் ஒன்றுமில்லை என்று வல்லி போன் போட்டுக்கூடச் சொல்லிவிட்டாள்.

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே. பொங்கலுக்குப் பிறகு இந்த ஊரில் மொத்தமே இரண்டு பேருக்குத்தான் மலேரியா வந்திருக்கிறது.

என் அழி ரப்பரைக் காணோம். எங்கோ வைத்துவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய், சாயங்காலம்

நான்கு மணிக்கு வல்லி கத்தினாள். "மேடம்! மோதிரம்! மோதிரம்!"

கிருமி சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி இருக்குமாம். அவள் சொந்தமாகக் கண்டுபிடித்த முதல் கிருமி. அக்கா பார்த்தாள். "பால்சிபாரம். மலேரியாவுலயே மோசமான வகை இதுதான்" என்றாள். பதற்றத்திலும் வல்லியின் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். மோதிரம் கண்டாயிற்று, மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். அப்புறம் எண்ணைக் கேட்டேன்.

434.

வெள்ளைத் தட்டு. ரூபன், ஒன்பது வயது, ஐஸ் கம்பெனித் தெரு.

மாத்திரையோடு மூன்று பேரும் ஓடினோம். ரூபன் தெருவில் பந்து வீசிக்கொண்டிருந்தான். நெற்றி ஐஸ் கம்பெனி மாதிரிக் குளிர்ச்சி. அக்கா ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். பையில் எப்போதும் வைத்திருக்கும் அவசரப் பரிசோதனை அட்டையில் அவன் ரத்தத்தைச் சொட்டவிட்டுப் பார்த்தாள். இல்லை. அங்கேயே இன்னொரு ஸ்லைடு எடுத்து வந்து, நூறுக்கு இருநூறு வட்டம் பார்த்தாள். இல்லை.

"அப்ப இது யாரு ரத்தம்?" என்று அக்கா கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

நான் வாளியைக் கழுவினேன்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. சுகாதார நிலையம் விடுமுறை. அக்கா போனாள், வல்லி போனாள், நானும் போனேன்.

நேற்றைய பதினொரு பேரில் ரூபன் போக மீதி பத்து. மூன்று பேர் கடலில், மூன்று வெவ்வேறு படகில். மிச்சம் ஏழு பேரையும் வீடு வீடாகத் தேடிக் குத்த வேண்டும். இன்று நான்கு பேர் கிடைத்தார்கள். நான்கும் இல்லை.

படகுச் சங்கத்து மிக்கேல் மாமாவிடம் அக்கா பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் கேட்டது.

"மூணு போட்டையும் திருப்பச் சொல்லுதியா? மீன் பாடு இருக்க நேரம். எந்தப் போட்டுன்னு சொல்லு தாயி, வயர்லெஸ்ல இப்பமே திருப்புதேன். யாருக்குன்னே தெரியாம மூணையும் எப்படித் திருப்ப?"

"காச்ச இருக்கான்னு மட்டுமாவது கேளுங்க மாமா."

"கேட்டா எவன் ஆமான்னு சொல்லுவான்? வலைய வுட்டுட்டு வரவா?"

வல்லி சாப்பிடவில்லை. ஒரு பேப்பரில் 431, 432, 433, 434 என்று எழுதிக்கொண்டே இருந்தாள். "நான் குத்தும்போதே எழுதிருவேன் மேடம். ஆளு எந்திரிக்கறதுக்கு முன்னாடியே எழுதிருவேன். எப்படி மாறுச்சுன்னே தெரியல. என் கையே என்னைய ஏமாத்துதா?" என்றாள். அக்கா அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்த மாசப் பெட்டியோட ஒன் பேரும் மேல போகும் வல்லி. பயிற்சிய நிறுத்தச் சொல்லுவாவ" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் வல்லி பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். என் நீலப்பூத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அக்கா கூப்பிட்டு, கட்டிலில் மேலேயே படு என்றாள். பாயிலேயே படுத்துக்கொண்டேன். முதுகுக்கு நல்லது.

அக்டோபர் 3, வியாழன்

மீதி மூன்று பேரும் காலையில் வந்தார்கள். மூவருக்கும் இல்லை. ஆக, கடலில் இருக்கும் மூவரில் ஒருவர். அக்கா மூன்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள். முதலில் வந்தது மெர்சலின், 431 கஸ்பாருடைய மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை.

"அவிய போவும்போதே கொஞ்சம் வெறயலா, நடுக்கமாத்தான் இருந்துச்சிக்கா. 'லேப்ல ஒண்ணுமில்லன்னுட்டாவ, அலுப்புதான்'ன்னு சொல்லிட்டு ஏறிட்டாவ. குசராத்துல இருந்து வந்தே பத்து நாளுதான் ஆவுது." அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணுமில்லன்னுதானக்கா சொன்னிய?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் இரண்டாவது படகுக்காரர் வீட்டம்மா வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கும் போகும்போது உடம்பு சுட்டதாம். மூன்றாவது வீட்டிலும் அதேதான். காய்ச்சல் இல்லாமல் யார் லேபுக்கு வருவார்கள்?

"பால்சிபாரம்னா எத்தன நாள் தாங்கும் மேடம்?" என்று நான் கேட்டேன். சும்மா பொது அறிவுக்காகத்தான்.

"சில பேருக்கு மூளைக்கு ஏறிரும். நெனவு தப்பிரும். அதுக்கப்புறம் மாத்திர கேக்காது. இன்னைக்கு மூணாவது நாளு."

கரைக்கு வர இன்னும் மூன்று நாள்.

நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். வல்லி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "பெனிலா, அன்னைக்கு நீ இங்கதான இருந்த? நான் எழுதறப்ப பாத்தியா? மாத்தி எழுதுனேனா? பாத்திருந்தா சொல்லு புள்ள, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இந்த வாக்கியத்தைத்தான் நான் சொல்ல நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு, அக்கா நுண்ணோக்கியில் குனியும்முன் சொல்வதாக இருந்தேன். 'மேடம், வல்லி நம்பரை மாத்தி எழுதிட்டா, நான் பாத்தேன்.' அக்கா சரிபார்ப்பாள், திருத்துவாள், வல்லியை முறைப்பாள், என்னைத் தட்டிக்கொடுப்பாள். அரை மணி நேர நாடகம். தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டாள். பேட்டரிக் கடையில் ஆள் இல்லை. திரும்பி வந்தபோது இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இரண்டுமே இல்லையாக இருந்தால் யாருக்கு என்ன?

இத்தனை நாளில் முதல்முறையாக இந்த நோட்டில் முழுதாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை வல்லி கைகழுவப் போனாள். அழி ரப்பரால் 431ஐயும் 434ஐயும் அழித்தேன். மாற்றி எழுதினேன். அவள் எழுத்து மாதிரியே எழுதுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பக்கம் பழகியிருந்தேன். இரண்டையும் தட்டு மாற்றி வைத்தேன். மணி மாற்றியதைவிடச் சுலபம்.

அக்கா மூன்றாவது வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். குழாயடியிலிருந்து உள்ளே போனேன்.

"அக்கா."

"மேடம்" என்றாள், திரும்பாமலே.

"அக்கா, கஸ்பார் அண்ணன்தான். 431. எனக்குத் தெரியும். நான்தான் மாத்துனேன்."

அக்கா எழுந்து என் முன்னால் வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் போனை எடுத்தாள்.

"மிக்கேல் மாமா, 'விண்மீன்' போட்டு. கஸ்பார். ஆமா, நிச்சயம். திருப்புங்க."

மெர்சலின் என்னைப் பார்த்தாள். ஒன்றும் புரியாத பார்வை. புரிந்ததும் மாறிய பார்வையை நான் எழுதப்போவதில்லை.

வல்லி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். நகைச்சுவை சொன்னால் பத்து நிமிடம் கழித்துச் சிரிக்கிறவள். இது உடனே புரிந்துவிட்டது.

"ரெண்டு நாளா எனக்குப் பைத்தியம் புடிச்சிட்டோன்னு நெனச்சேன் பெனிலா. எங்க அம்மாக்குப் போன் போட்டு, எனக்குக் கண்ணும் கையும் சரியில்ல, இந்தப் படிப்பே வேண்டாம்னு அழுதேன்."

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று அரை மணி முன்னால்தான் சொன்னாள். அதை நினைவூட்டவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

வயர்லெஸில் 'விண்மீன்' கிடைக்கவில்லை. வேறு இரண்டு படகு மூலம் செய்தி போயிருக்கிறது. கஸ்பார் எழுந்திருக்கவில்லை, ஐஸ் அறைக்குப் பக்கத்தில் படுத்தே கிடக்கிறார் என்று பதில் செய்தி.

ரோசிட்டா அத்தை வந்து மணியை அழுத்தினாள். எங்கள் வீட்டில்தான் அடித்தது. எங்கள் மணிதான்.

அக்டோபர் 5, சனி

விடியற்காலையில் படகு வந்தது. நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. அக்கா அங்கேயே விரலில் குத்தி அட்டையில் சொட்டினாள். இரண்டு கோடு. உண்டு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றினார்கள். மத்தியானம் வரை தன் பெயர் கேட்டால் படகின் பெயரைச் சொன்னாராம். நாலு மணிக்கு மெர்சலினை அடையாளம் கண்டு, மீன் என்னாச்சு என்று கேட்டிருக்கிறார். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மெர்சலினிடம் போனேன். அக்கா போகச் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப் பழகி வைத்திருந்தேன், கையெழுத்துப் பழகியது மாதிரி. வாயில் வந்தது வேறு. "நான் வெளையாட்டுக்குச் செய்யலக்கா."

"அப்ப எதுக்குச் செஞ்ச?"

விளையாட்டு என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கும். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, "பாலு வாங்கிட்டு வாரேன், கீழ போட்டுறாத" என்று போனாள். இருபது நிமிடம் அசையாமல் நின்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மூன்று பேரும் வேறு வேறு வரிசையில்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. அதற்கு முன்னால் எட்டு மணிக்கு அக்கா என்னை ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள். இனிமேல் அந்த அறைக்குள் எனக்கு வேலை இல்லை, இதுதான் கடைசி என்றும் சொன்னாள்.

மேசையில் பிழைப் பதிவேடு இருந்தது. பச்சை அட்டை. மூன்று வருடமாக ஒரு வரிகூட எழுதப்படாத நோட்டு. சாயம் கெட்டால், நுண்ணோக்கி பழுதானால், எண் மாறினால் எழுத வேண்டியது. என்ன நடந்தது, யாரால், காரணம், இனி என்ன செய்வது என்று நான்கு கட்டம். இது நகலெடுக்கப்பட்டு மாவட்டத்துக்குப் போகும்.

கடைசிக் கட்டத்தை வல்லி ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். அச்சு மாதிரி எழுத்து. 'இனி எண்ணைப் பென்சிலால் எழுதாமல், கண்ணாடியைக் கீறும் பேனாவால் எழுத வேண்டும். முடிவு சொல்லும்முன் இரண்டாவது ஆள், எண்ணையும் பெயரையும் படித்துக் காட்ட வேண்டும்.' அவள் பயிற்சி நிற்கவில்லை. பை மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

"மிச்சத்த நீ எழுது" என்று அக்கா பேனாவைக் கொடுத்தாள்.

முதல் இரண்டு கட்டமும் சுலபம். மூன்றாவதில் 'கவனக்குறைவு' என்று எழுதப் போனேன்.

"கவனமாத்தான செஞ்ச?" என்றாள் அக்கா.

'பொறாமை' என்று எழுதினேன். மூன்று எழுத்து. கட்டத்தில் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

அக்கா படித்தாள். "இது போதாது. சாயம் சரியில்லன்னு மட்டும் எழுதுனா ஒத்துக்க மாட்டாவ. எதனால கெட்டுச்சின்னு கேப்பாவ. அதே மாதிரிதான். எதனாலன்னு எழுது."

வல்லி ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் துடைத்தாள்.

பள்ளி முதல் மணி அடிக்கிற நேரமாகிவிட்டது. எனக்கு வழக்கமாக வருகிற வேடிக்கைச் சொல் ஒன்றும் வரவில்லை. உள்ளதை எழுதினேன்.

'என் அக்கா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டாள்.'

அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். அலுவல் பதிவேட்டில் உறவுமுறை எழுதக்கூடாது. எனக்கே தெரியும். பேனாவை எடுத்து, 'என் அக்கா' என்ற இடத்துக்கு நேராகக் கொண்டு போனாள். அடித்துவிட்டு 'பொறுப்புத் தொழில்நுட்பர்' என்று எழுதுவாள், திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவாள் என்று காத்திருந்தேன்.

பேனா அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்டது.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, ஓடு" என்றாள்.

"சரி மேடம்" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.